மலின்ட்சின்: காட்டிக் கொடுத்தவரா, கொடுக்கப்பட்டவரா?

ஒரு சமுதாயத்தின் சினம் ஒரு பெயரின்மேல் ஏறி அமர்ந்துவிட்டால், அப்பெயரை உடையவர் எப்படி வாழ்ந்தார், எதற்காக எதைச் செய்தார் என்று உசாவுவோர் அரியராகிவிடுவர். நம்மவரிடையே எட்டப்பன் என்ற பெயருக்கு நேர்ந்தது அது. மெக்சிகோ நாட்டில் அந்த இடத்தில் நிற்பவர் ஒரு பெண். 'மலின்சே' என்று அவரைச் சொல்வர். பிறநாட்டுப் பொருளையும் பிறநாட்டு நடையையும் போற்றித் தம்முடையதை இகழும் குணத்திற்கு அங்கே 'மலின்சிஸ்மோ' என்றே பெயர் வழங்குகிறது. ஸ்பானியத் தளபதி எர்னான் கோர்த்தேசுக்கு மொழிபெயர்ப்பாளராக இருந்து, 1519 முதல் 1521 வரை நடந்த படையெடுப்பில் மொக்டெசுமாவின் பேரரசு விழுவதற்கு வழிசெய்தவர் என்பது அவர்மீதுள்ள குற்றச்சாட்டு.

இக்குற்றச்சாட்டை நானும் வகுப்பறையில் பல ஆண்டுகள் ஒப்பித்தவன்தான். 1511ஆம் ஆண்டு மலாக்கா வீழ்ந்த பாடத்தை நடத்தி முடித்ததும், பத்தே ஆண்டுகளில் உலகின் மறுகோடியில் வேறொரு தலைநகரம் வீழ்ந்த கதையையும் சேர்த்துச் சொல்வது என் வழக்கம். "மொழி தெரிந்த ஒரு பெண் தன் நாட்டையே காட்டிக் கொடுத்தாள்" என்று முடிப்பேன். ஒருமுறை கதையின் தொடக்கத்தில், தோற்ற ஊரார் இருபது பெண்களை ஸ்பானியருக்குப் பரிசாகக் கொடுத்தனர் என்றும் அவர்களுள் ஒருத்தியே இவள் என்றும் சொல்லியிருந்தேன். முடித்ததும் பின்வரிசையில் இருந்த ஒரு சிறுமி எழுந்து, "அவங்களைத்தானே ஐயா முதல்ல கொடுத்துட்டாங்க?" என்று கேட்டாள். மணி அடித்து என்னைக் காப்பாற்றியது. அந்தக் கேள்வி மட்டும் என்னோடு வீட்டுக்கு வந்தது. பின்னர் படித்தறிந்தவற்றை ஆசிரிய நண்பர்கள் முன் வைக்கவே இக்கட்டுரை.

அம்மையார் 1500ஆம் ஆண்டை ஒட்டி, இன்றைய மெக்சிகோவின் கிழக்குக் கரையில் கோவாட்சகோவால்கோஸ் பகுதியில் பிறந்தவர். படையில் போர்வீரராக இருந்து முதுமையில் வரலாறு எழுதிய பெர்னால் டியாஸ், அவரை ஊர்த்தலைவர் ஒருவரின் மகள் என்கிறார். தந்தை இறந்தார், தாய் மறுமணம் புரிந்தார், ஆண் மகவு பிறந்தது. அம்மகனின் உரிமைக்கு மூத்தவள் இடையூறு ஆகாதிருக்க, இரவோடு இரவாக அவளை ஷிகலாங்கோ ஊராரிடம் ஒப்படைத்துவிட்டு, மகள் இறந்தாள் என்று ஊருக்கு அறிவித்தனராம். வணிகர்கள் திருடிச் சென்றனர் என்று எழுதியவர்களும் உண்டு. எது உண்மையாயினும் முடிவு ஒன்றுதான். மாயா மொழி பேசும் தபாஸ்கோ நாட்டில் அவர் அடிமையாய் வளர்ந்தார். பிறந்த மொழி நாவாட்டில். அடிமை வாழ்வு தந்த மொழி மாயா. அவருடைய இருமொழிப் புலமை எந்தப் பள்ளியிலும் பெற்றதன்று.

1519ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில், சுமார் 500 வீரரோடும் 16 குதிரைகளோடும் வந்த கோர்த்தேசிடம் தபாஸ்கோ மக்கள் போரிட்டுத் தோற்றனர். சமாதானத்தின் அடையாளமாகப் பொன்னும் துணியும் உணவும் கொடுத்தார்கள். சோளமாவு அரைத்துச் சமைக்கப் பெண்கள் இருபதின்மரையும் கொடுத்தார்கள். பாதிரியார் அவர்களுக்கு ஞானஸ்நானம் செய்வித்தார். இவருக்கு மரீனா என்று பெயரிட்டனர். கோர்த்தேஸ் அப்பெண்களைத் தம் தலைவர்களுக்குப் பங்கிட்டார். மரீனா புவர்த்தோகரேரோ என்பவர் பங்கில் விழுந்தார். அவ்வமயம் இவருடைய மொழியறிவை எவரும் கேட்கவில்லை. அரைப்பதற்கும் படுக்கைக்கும் மொழி எதற்கு என்று எண்ணினார்கள் போலும்.

கோர்த்தேசிடம் ஏற்கெனவே ஒரு மொழிபெயர்ப்பாளர் இருந்தார். ஹெரோனிமோ தே அகிலார் என்ற அந்த ஸ்பானியர் 1511இல் கப்பல் உடைந்து யுகாத்தான் கரையில் ஒதுங்கி, எட்டாண்டு மாயா மக்களிடையே அடிமையாய் இருந்து அவர்கள் மொழியைக் கற்றவர். கப்பல்கள் மேற்கே சென்று சான் குவான் தே உலூவா என்ற இடத்தில் நங்கூரம் இட்டதும் மொக்டெசுமாவின் தூதர்கள் வந்தனர். அவர்கள் பேசியது நாவாட்டில். அகிலார் விழித்தார். பரிசாய் வந்த பெண்களுள் ஒருத்தி அத்தூதரோடு பேசிக்கொண்டிருந்தது அப்பொழுதுதான் தெரியவந்தது. அன்று தொடங்கி, கோர்த்தேஸ் ஸ்பானியத்தில் சொல்வதை அகிலார் மாயாவில் சொல்ல, அதை மரீனா நாவாட்டிலில் சொல்வார். விடை அதே வழியில் திரும்பிவரும். டோட்டோனாக் மக்கள் வந்தபோது அவர்களுள் நாவாட்டில் அறிந்தவரைத் தேடிப் பிடித்து நான்காவது கண்ணியையும் கோத்தவர் மரீனாவே. சில திங்களிலேயே ஸ்பானியமும் கற்றுக்கொண்டார். அகிலாரின் தேவை குறைந்துபோயிற்று.

அவர் பெயர் வரலாறு தமிழாசிரியர்களுக்குச் சுவை தருவது. நாவாட்டில் மொழியில் ரகரம் இல்லை. ஆதலால் மரீனா 'மலினா' ஆயிற்று. அம்மொழியில் மதிப்புக்குரியோர் பெயரின் ஈற்றில் 'ட்சின்' என்ற விகுதி சேரும். நாம் 'ஆர்' விகுதி சேர்த்து அம்மையார், தந்தையார் என்பது போன்றது. எனவே மலின்ட்சின். இதை ஸ்பானியர் காது 'மலின்சே' என்று வாங்கிக்கொண்டது. ஆக, இன்று வசையாக வழங்கும் சொல்லின் வேரில் இருப்பது மரியாதை விகுதி! அடிமைப் பெண்ணுக்கு அம்மரியாதையைத் தந்தவர்கள் அந்நாட்டு மக்களே. அதைவிட வியப்பு, கோர்த்தேசையும் அம்மக்கள் மலின்சே என்றே அழைத்தனர் என்று டியாஸ் எழுதுவது. தளபதிக்கு அவர்கள் கண்ணில் தனிப்பெயர் இல்லை. அம்மையாரை உடையவர் என்ற முறையில்தான் பெயர்.

தளபதியோ இந்நன்றியைத் திருப்பிச் செலுத்தவில்லை. மன்னருக்கு அவர் எழுதிய நீண்ட மடல்களுள் இரண்டாவதில், 'என் நாவாகிய ஓர் இந்தியப் பெண்' என்ற பொருள்பட ஒரு குறிப்பு வருகிறது. ஸ்பானியத்தில் நாக்குக்கும் மொழிக்கும் மொழிபெயர்ப்பாளருக்கும் 'லெங்குவா' என்ற ஒரே சொல். மரீனா என்ற பெயர் வருவது 1526இல் எழுதிய ஐந்தாவது மடலில்தான்.

இனி அவர் பணியின் உட்பகுதிக்கு வருவோம். 1519 நவம்பர் 8ஆம் நாள், ஏரி நடுவே எழுந்து நின்ற தெனோச்தித்லான் நகரின் வாயிலில் மொக்டெசுமாவும் கோர்த்தேசும் சந்தித்தனர். மன்னர் நீண்டதொரு வரவேற்புரை நிகழ்த்தினார். தம் ஆட்சியையே மன்னர் ஸ்பெயின் அரசரிடம் ஒப்படைத்துவிட்டார் என்று கோர்த்தேஸ் அவ்வுரைக்குப் பொருள் எழுதினார். அதன்பின் எதிர்த்த ஒவ்வொருவரும் ஸ்பானியச் சட்டப்படி கலகக்காரர் ஆயினர். இந்நாளைய ஆராய்ச்சியாளர் பலர் இதை ஏற்பதில்லை. நாவாட்டில் மொழியில் அரசவைக்கென்று தனியொரு பணிவு நடை இருந்தது. உயர்ந்தோர் தம்மைத் தாழ்த்தியும் வந்தவரை உயர்த்தியும் பேசுவது அந்நடையின் இலக்கணம். பேசுபவர் எவ்வளவு பெரியவரோ அவ்வளவு பணிவு.

இது நமக்குப் புரியாத செய்தியா? மாடி வீட்டுக்காரர் "நம் குடிசைக்கு ஒரு நாள் வந்து போங்கள்" என்கிறார். விருந்தினர் வாயிலில் நின்றால் "உங்கள் வீடு மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள்" என்கிறோம். கடிதம் முடிக்கும்போது 'அடியேன்' என்று எழுதுகிறோம். இவற்றைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்துக் கேட்கும் அயலான், குடிசைவாசி ஒருவன் தன் வீட்டை எழுதிக் கொடுத்துத் தானும் அடிமையானான் என்று பத்திரம் எழுதிக்கொண்டால் எப்படி? மொக்டெசுமாவின் சொற்கள் ஸ்பானியத்துக்குள் போனபோது அந்தப் பணிவு எந்த இடத்தில் சாசனம் ஆயிற்று? அம்மையார் வாயிலா, அகிலார் செவியிலா, தளபதியின் எழுதுகோலிலா? என் கருத்து கடைசியதன் பக்கமே சாய்கிறது. மடல் எழுதியவருக்கு அந்தப் பொருள் வேண்டியிருந்தது. மன்னரின் கட்டளையின்றிக் கிளம்பி வந்தவர் அவர். தம் செயலுக்கு நியாயம் காட்ட வேண்டிய நிலையில் இருந்தார்.

ஆயினும் அம்மையாரை வெறும் குழலாகக் காட்டி விடுவிக்க நான் வரவில்லை. அதற்குக் குறுக்கே சோலூலா நிற்கிறது. தலைநகருக்குச் செல்லும் வழியில், 1519 அக்டோபரில், அந்நகரில் ஸ்பானியர் தங்கியிருந்தனர். டியாஸ் எழுதுவது இது: ஊர்ப் பெரியவர் ஒருவரின் முதிய மனைவி மரீனாவைத் தனியே சந்தித்து, ஸ்பானியரைக் கொல்லச் சதி நடக்கிறது, நீ என் வீட்டுக்கு வந்துவிடு, என் மகனுக்கு உன்னை மணமுடிக்கிறேன் என்றார். மரீனா மூட்டை கட்டி வருவதாகப் போக்குக் காட்டி, செய்தியைக் கோர்த்தேசிடம் சேர்த்தார். கோயில் முற்றத்தில் கூட்டப்பட்ட சோலூலா மக்கள் அங்கேயே வெட்டப்பட்டனர். இரண்டு மணி நேரத்தில் 3,000 பேருக்கு மேல் மாண்டனர் என்பது கோர்த்தேசே தரும் கணக்கு. அப்படியொரு சதியே இல்லை, சோலூலாவுக்குப் பகையான திலாஸ்கலா மக்கள் தூண்டிவிட்டதே அது என்று கருதும் வரலாற்றாசிரியர்களும் உளர். கிழவியின் கதை உண்மையாயின், அன்று அம்மையார் முன் இரண்டு வழிகள் இருந்தன. அவர் ஒன்றைத் தேர்ந்தார். இரண்டு முறை கைமாறிய பெண் முன்பின் அறியாத வீட்டின் மருமகள் பேச்சை நம்பவில்லை என்பது எனக்கு விளங்குகிறது. முற்றத்தில் சிந்திய குருதி அதனால் மறைந்துவிடவில்லை. இவ்விரண்டையும் ஒருசேர மனத்தில் வைத்துக்கொண்டுதான் மேலே செல்ல வேண்டும்.

ஆனால் 'நாட்டுத் துரோகம்' என்ற சொல் இங்கே பொருந்துமா? துரோகத்திற்கு முன்னே உறவு வேண்டும். அன்று மெக்சிகோ என்றொரு நாடு இல்லை. தெனோச்தித்லான், தெஷ்கோகோ, த்லாகோபான் என்ற மூன்று நகரங்களின் கூட்டணி சுற்றியிருந்தோரை அடக்கித் திறை வாங்கிக்கொண்டிருந்தது. டோட்டோனாக்குகள் அத்திறையால் நொந்தவர்கள். திலாஸ்கலாவினர் அக்கூட்டணிக்கு அடங்காது பல்லாண்டு போரிட்டு வந்தவர்கள். முதலில் ஸ்பானியரோடும் போரிட்டனர். பின்னர் நட்புக்கொண்டு ஆயிரம் ஆயிரமாய்ப் படை தந்தனர். 1521 ஆகஸ்டு 13இல் தலைநகர் விழுந்தபோது முற்றுகையிட்டோரில் மிகப் பெரும்பாலோர் இம்மண்ணின் மக்களே. முந்தைய ஆண்டே நகருக்குள் பரவிய பெரியம்மை அவர்களுக்கு முன்பே வேலையைத் தொடங்கியிருந்தது. இத்தனைக்கும் நடுவில், கூட்டணியின் எல்லைக்கு வெளியே பிறந்து, அதன் வணிகர் நடமாடிய துறையில் கைமாறிய ஓர் அடிமைப் பெண் மொக்டெசுமாவுக்கு என்ன கடன்பட்டிருந்தார்?

திலாஸ்கலாவினர் தங்கள் உதவியை மன்னருக்கு நினைவூட்ட, 1552 அளவில் ஒரு பெருந்துணியில் படையெடுப்பு வரலாற்றை ஓவியமாகத் தீட்டினார்கள். மூலத்துணி மறைந்துவிட்டது, படிகள் உள்ளன. காட்சிக்குக் காட்சி மலின்ட்சின் அதில் நிற்கிறார், சில இடங்களில் தளபதியைவிடப் பெரிய உருவமாக. அவர்கள் கண்ணுக்கு அவர் துரோகியாகத் தோன்றவில்லை. இன்றும் அந்நாட்டில் 4,400 மீட்டருக்கு மேல் உயர்ந்து நிற்கும் எரிமலைக்கு மலின்சே என்றே பெயர்.

தோற்றவர்கள் எப்படிக் கண்டார்கள்? சாகூன் என்ற துறவி, நாவாட்டில் அறிஞர்களைக் கொண்டு தொகுத்த பெருநூலின் பன்னிரண்டாம் பகுதி அவர்களுடைய நினைவு. அங்கே அம்மையார் அரண்மனையின் கூரைமேல் ஏறி, ஸ்பானியருக்கு உணவும் நீரும் கொண்டுவரச் சொல்லிக் கூவுகிறார். நகரம் விழுந்தபின், பொன் எங்கே என்று கேட்கும் குரலும் அவருடையதே. கேட்டவர் கோர்த்தேஸ், மக்கள் காதில் விழுந்ததோ அவர்களுடைய மொழியில் ஒரு பெண்ணின் குரல்.

இங்கே ஒரு தோட்டத்துச் செய்தி நினைவுக்கு வருகிறது. என் தந்தையார் பால்மரம் வெட்டிய தோட்டத்தில் துரைக்குத் தமிழ் வராது. பெரட்டில் துரை ஆங்கிலத்தில் சொல்வதைக் கிராணியார் தமிழில் சொல்வார். பேர் வெட்டு என்றாலும் லயத்தை விட்டு வெளியேறு என்றாலும் கிராணியாரின் வாயிலிருந்துதான் வரும். துரை ஊருக்குப் போய் நெடுங்காலம் ஆனபின்னும் தந்தையாரின் தலைமுறையினர் திட்டியது கிராணியாரைத்தான். அவரும் சில நேரங்களில் தம் பங்குக்கு ஒன்றிரண்டு சேர்த்துச் சொன்னவர் என்பார்கள். அதை மறுக்க எனக்கு வழியில்லை. ஆனால் பேர் வெட்டும் அதிகாரம் அவருக்கு இருந்ததில்லை.

அம்மையாரின் பெயர் கெட்டதற்கு இதைவிடப் பிந்திய காரணமும் உண்டு. மெக்சிகோ 1821இல் விடுதலை பெற்றது. புதிய நாட்டிற்குப் பழைய பெருமை வேண்டியிருந்தது; மொக்டெசுமாவின் அரசு எல்லார்க்கும் முன்னோர் அரசு ஆயிற்று. அவ்வரசை வீழ்த்திய ஸ்பானியர் அயலார். அவரோடு நின்ற பெண் துரோகி. 1826இல் பிலடெல்பியாவில் ஆசிரியர் பெயரின்றி வெளிவந்த 'ஷிகோதென்கத்தல்' என்ற நாவலில் அவர் தீய மகளாகவே வருகிறார். 1950இல் ஒக்தாவியோ பாஸ் தம் புகழ்பெற்ற நூலில், மலின்சேயின் மக்கள் என்று தம் நாட்டாரையே குறிப்பிட்டு, கெடுக்கப்பட்ட தாயின் வடிவமாக அவரைக் கண்டார். இறந்து முந்நூறு ஆண்டு கழித்து எழுதப்பட்ட தீர்ப்பு நானூறு ஆண்டில் இலக்கியமாயிற்று. அதை எதிர்த்து 1970களில் எழுதத் தொடங்கியோரில் அமெரிக்காவில் வாழும் மெக்சிகோ வழிப் பெண்கள் முன்நின்றனர். 2006இல் காமிலா டவுன்சென்ட் என்ற வரலாற்றாசிரியர் நாவாட்டில் ஆவணங்களின் துணையோடு அவர் வரலாற்றை நூலாக்கினார்.

தீர்ப்பில் ஆண் பெண் வேற்றுமை உண்டா என்று ஐயுறுவோர் கொன்சாலோ கெர்ரேரோவின் கதையைப் படிக்கட்டும். அகிலாரோடு கப்பல் உடைந்து கரை ஒதுங்கிய ஸ்பானியர் அவர். கோர்த்தேசின் அழைப்பு வந்தபோது, மனைவியும் மூன்று மக்களும் இருக்கின்றனர், முகத்தில் பச்சை குத்தியாயிற்று, நான் வரமாட்டேன் என்று மறுத்து, மாயா மக்களுக்காகத் தம் இனத்தாரையே எதிர்த்துப் போரிட்டு மாண்டார். மெக்சிகோவில் இன்று அவர் வீரர். மேரிடா நகரில் அவருக்குச் சிலை இருக்கிறது. பக்கம் மாறியவர் இருவர். ஒருவருக்குச் சிலை, மற்றவர் பெயர் வசை. நம் நாட்டையே பார்ப்போம். 1511இல் மலாக்காவில் மகெல்லன் கையில் சிக்கிய அடிமை என்ரிக்கே, பத்தாண்டு கழித்துப் பிலிப்பீன் தீவுகளில் அவருக்காக மொழிபெயர்த்தார். அவரை ஹாருன் அமினுர்ரஷிட் 1958இல் வெளிவந்த நாவலில் 'பங்லிமா ஆவாங்' ஆக்கினார். நம் நாட்டவர் அவரை வீரராகவே போற்றுகிறோம். தவறென்று சொல்லவில்லை. அந்தக் கருணையின் ஒரு பங்கை மலின்ட்சினுக்கு மறுப்பதற்குக் காரணம் தேடுகிறேன், கிடைக்கவில்லை.

அவருடைய எஞ்சிய வாழ்வு குறுகியது. 1522 அளவில் கோர்த்தேசுக்கு மார்ட்டின் என்ற மகனைப் பெற்றார். 1524இல் ஹொண்டுராஸ் பயணத்திற்குத் தளபதி அவரை மீண்டும் உடன்கொண்டார். புறப்பட்ட வழியில் ஹுவான் ஹராமீயோ என்ற படைத்தலைவருக்கு மணமுடித்துவைத்தார். அந்த வழியில்தான் பிறந்த ஊர்ப்பக்கம் தாயைக் கண்டார். தாய் அஞ்சி அழ, கண்ணீரைத் துடைத்து அணிகலன் தந்து அனுப்பினார் என்று டியாஸ் எழுதியிருக்கிறார். அத்தாயையும் தம்பியையும் தாம் நேரில் அறிந்தவர் என்றும் கூறுகிறார். மரியா என்ற மகள் பிறந்தாள். 1529 அளவில், முப்பது வயதை ஒட்டி, அம்மையார் இறந்தார். இத்தனை மொழியில் இத்தனை பேருக்காகப் பேசியவர், தமக்காக எழுதிவைத்த வரி ஒன்றும் இல்லை. ஏறக்குறைய இருநூறு ஆண்டு கழித்துப் புதுவையில் துபாஷியாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளைக்கு நாட்குறிப்பு எழுதும் வாய்ப்பு இருந்தது.

மகள் மரியா பின்னாளில், தந்தை தம் சொத்தின் பெரும்பகுதியை இரண்டாம் மனைவிக்கு எழுதிவைத்ததை எதிர்த்து வழக்காடினார். தாயார் ஆற்றிய பணியே வழக்கின் வலுவாயிற்று. மகன் மார்ட்டினைத் தந்தை ஆறு வயதளவில் தாயைப் பிரித்து ஸ்பெயினுக்குக் கொண்டுசென்றார். 1529இல் போப்பாண்டவரின் ஆணையால் அவர் முறைப்படி பிறந்த மகனுக்குரிய தகுதி பெற்றார். சந்தியாகோ வீரர் குழுவிலும் சேர்க்கப்பட்டார். ஆயினும் தளபதிக்குப் பின்னர்ப் பிறந்த மற்றொரு மகனுக்கும் மார்ட்டின் என்றே பெயரிட்டனர்; பட்டமும் நிலமும் அவனுக்குப் போயின. 1560களில் இளையவன் மெக்சிகோவில் அரசுக்கு எதிராகச் சதி செய்தான் என்ற வழக்கு எழுந்தபோது மூத்தவரையும் பிடித்தனர். தந்தை வென்று கொடுத்த நாட்டின் அதிகாரிகள் 1568இல் அவரைக் கயிற்றாலும் நீராலும் சித்திரவதை செய்தனர். பெயர்கள் சொல்லுமாறு கேட்டனர். அவர் எவரையும் சொல்லவில்லை. பின்னர் அவரை நாடு கடத்தினார்கள்.